ஸ்டூடியோ பெஞ்சின் இடது ஓரம்

செந்தூல் ரயில் பட்டறையில் தச்சராக இருந்ததால்தான் அய்யாவு சயாமுக்குப் போகவில்லை. 1943இல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில் அவர் இருந்த வரிசையில் மட்டும் ஒன்பது வீடுகளில் ஆண்பிள்ளை இல்லாமல் போயிற்று. சயாம் என்கிற தாய்லாந்துக் காட்டுக்குள் ஜப்பான்காரன் போடும் தண்டவாளத்துக்கு ஆள் வேண்டும் என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டறை ஆள் என்பதற்கு அடையாளமாக அய்யாவின் கையில் ஒரு துணிப்பட்டை இருந்தது. அவர் தெருவில் நடந்தால் வாசலில் நிற்கும் பெண்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்; அந்தப் பட்டையைத்தான் பார்ப்பார்கள்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. தனிக்கட்டை. அதிகம் பேசமாட்டார். அவர் கொஞ்சமாவது வாய்விட்டுப் பேசியது யூனுஸ் பாயிடம்தான். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த யூனுஸ், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒருநாள் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து படம் எடுத்துக்கொண்டான். போகும்போது வெல்வெட் நாற்காலி இரண்டையும், ஆட்கள் சாய்ந்து நிற்கும் மரத் தூணையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். படம் எடுக்க வருகிறவர்களை உட்காரவைக்க ஸ்டூடியோவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"அண்ணே, பெருசா ஒண்ணும் வேணாம் லா. சாய்மானம்கூட வேணாம். மூணு பேரு உக்கார ஒரு பெஞ்சு போதும். சயாமுக்குப் போறவனெல்லாம் பொண்டாட்டி புள்ளையோட வந்து நிக்கிறான். கடைசியா ஒரு படம்ங்கிறான். நிக்க வச்சா எல்லாருக்கும் கை கால் நடுங்குது."

"மரத்துக்கு எங்க போறது பாய்? ஒரு துண்டுப் பலகைகூட வெளியில வராது."

வந்தது. அடுத்த வாரம் வடக்கேயிருந்து திரும்பிய மூடுவண்டி ஒன்றைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சரக்கு ஏற்றுகிற ரயில் பெட்டிதான். ஆனால் போன மாதம் அதில் ஆட்களை ஏற்றியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். உள்ளே சுண்ணாம்பு அடித்துக் கழுவியிருந்தது. தரைப்பலகையை மாற்றச் சொன்னான் மேற்பார்வையாளன். கழற்றிய பழைய பலகைகளை அடுப்புக்குப் போடு என்று கைகாட்டிவிட்டுப் போனான். அவற்றில் உளுக்காத இரண்டை அய்யாவு தோளில் வைத்துக்கொண்டு செந்தூலிலிருந்து நடந்தே வந்தார். வழக்கமாக அந்தக் கனத்துக்கு இரண்டு இடத்தில் இறக்கி வைப்பார். அன்று ஓர் இடத்திலும் இறக்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

ஸ்டூடியோவின் பின்கட்டில் வைத்து வேலையை ஆரம்பித்தார். பலகையை ஐந்தடிக்கு அறுத்தார். ஆணி கிடைக்காத காலம். அதனால் கால்களைக் கொஞ்சம் விரித்து நிற்கும்படி சாய்வாகத் துளை எடுத்து, மர முளை அடித்து இறுக்கினார். நடுவே ஒரு குறுக்குச்சட்டம். இழைக்க இழைக்க, மேலே இருந்த சுண்ணாம்பு வெள்ளை போய் உள்ளே சிவப்பு வந்தது. இரண்டாவது பலகையைப் புரட்டியபோது இழைப்புளி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

வண்டிக்குள் மேல்பக்கமாக இருந்த முகம் அது. ஓரத்தில் யாரோ கூரான எதையோ வைத்துக் கீறியிருந்தார்கள். ஒரு பிறை, அதன் வயிற்றுக்குள் ஒரு புள்ளி. பக்கத்தில் நேராக நான்கு கோடுகள்.

கோலாலம்பூரிலிருந்து சயாமுக்கு அந்த வண்டி போய்ச்சேர ஐந்து நாள் ஆகும் என்று ரயில் கார்டு ஒருவர் சொல்லி அய்யாவு கேட்டிருந்தார். நான்கு கோடுதான் இருக்கிறது. ஐந்தாவதைக் கீற அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? அவர் அந்தப் பக்கத்தை இழைக்கவில்லை. அது அடியில் போகும்படி பலகையைப் பொருத்தி, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பாய் ஆள் அனுப்பினார். போனால், மேசையில் எட்டுப் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"நல்லாப் பாருங்க அண்ணே."

எட்டிலும் அதே பெஞ்சு. எட்டிலும் ஆட்கள் வலப்பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படத்தில் இடமில்லாமல் ஒரு பெண்ணின் பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே இருந்தது. இடது ஓரம் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் காலி.

"நடுவுல உக்காருங்கன்னு நான்தான் தள்ளித் தள்ளி உக்கார வைக்கிறேன். கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுட்டுப் பாக்குறதுக்குள்ள நகந்துடுறாங்க. ஏன் நகந்தீங்கன்னு கேட்டா, நாங்க நகரலையேங்கிறாங்க."

"கால் சாய்ஞ்சிருக்கும்," என்றார் அய்யாவு. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி பெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. பிறகு தானே போய் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. பாயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குனிந்து பார்த்தால், அவர் பெஞ்சின் நடுவில் இருந்தார். நகர்ந்த ஞாபகமே இல்லை. காலியாகக் கிடந்த ஓரத்தில் கை வைத்தார். வெளியே கொளுத்தும் வெயில், பலகை வியர்த்திருந்தது. விரலை நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு.

"உப்பு மூட்டை ஏத்தின வண்டியா இருந்திருக்கும் பாய்," என்றார்.

அந்த மாதக் கடைசியில் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பவுனம்மாள். சயாமில் இருக்கும் புருஷனுக்குத் தன் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் அடுத்த கூட்டத்தோடு போகிறார், அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்று அய்யாவும் அங்கே இருந்தார். பாய் பெஞ்சைக் காட்டியதும் அவள் நேரே போய் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். பாயும் அய்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நகராமல் உட்கார்ந்த முதல் ஆள் அவள்.

படத்துக்கு உட்காருகிறவர்கள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் பிடித்தாள். பாய் துணிக்குள் தலையை விட்ட நேரம், அவளுடைய விரல்கள் பலகையின் அடியில் மெல்லத் தடவுவதை அய்யாவு பார்த்தார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு செஞ்சது இத?"

"நான்தாம்மா."

"இது எங்க வீட்டுக்காரரு அடையாளம். பிறையும் பொட்டும். எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. ரப்பர்ப் பால் வாளியில இததான் கீறி வைப்பாரு. தெனமும் கழுவின வாளி அண்ணே, என் விரலுக்குத் தெரியாதா?"

அவள் இறங்கி மண்டியிட்டு, கழுத்தைத் திருப்பி அடியில் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பக்கத்துல நாலு கோடு இருக்கே, அது என்ன?"

"நாளுக்கு ஒண்ணாப் போட்டிருப்பாரு," என்றார் அய்யாவு.

"சயாமுக்கு எத்தன நாளு போவணும்?"

பாய் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"நாலு நாளுதான்," என்றார் அய்யாவு.

அவள் மூச்சை விட்டு, எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். படம் நன்றாக விழுந்தது. அவள் லேசாகச் சிரித்துக்கூட இருந்தாள். அந்தச் சிரிப்பு தன் பொய்யில் முளைத்தது என்று தெரிந்ததால், அதன் பிறகு அய்யாவு ஸ்டூடியோ இருக்கும் தெருவழியாகவே போகவில்லை. பாயும் பெஞ்சைச் சுவரோடு தள்ளி வைத்து, சாக்கால் மூடிவிட்டார்.

ஜப்பான்காரன் சரணடைந்து நாலு மாதம் ஆனபின், 1945 டிசம்பரில், பாய் மறுபடி ஆள் அனுப்பினார். அய்யாவு போனபோது பவுனம்மாள் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் மஞ்சளித்த கண்ணோடு ஒரு மனிதர்.

"வந்துட்டாரு அண்ணே. நாலு நாள்னு நீங்க சொன்னதப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் உசுரோட இருந்தேன். இவரு அஞ்சு நாள்ங்கிறாரு."

"பொய் சொன்னேம்மா," என்றார் அய்யாவு. "நாலாம் நாளே போயிட்டாருன்னு நெனச்சேன்."

அவளுடைய கணவர் வேலாயுதம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பிறையும் பொட்டும் நான் கீறினது. மொத நாளு, கதவோரத்துல உக்காந்துக்கிட்டு. கோடு நான் போடல. எங்களோட தாப்பா ஊர்க்காரரு ஒருத்தரு இருந்தாரு, அவரு போட்டது. அது நாளு இல்ல, ஆளு. கதவத் தொறக்கவே இல்ல அண்ணே. தண்ணி இல்லாம நாலு பேரு உள்ளேயே போயிட்டாங்க. அவங்கள அந்த ஓரத்துல கெடத்திட்டு, அந்த எடத்த விட்டுட்டு, நாங்க அத்தன பேரும் இந்தப் பக்கமா நெருக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். இறங்குற வரைக்கும் யாரும் அங்குட்டு நகரல."

பாய் மெல்ல சுவரோரம் திரும்பிப் பார்த்தார். எட்டுப் படங்களும் அய்யாவின் கண்முன் வந்து போயின. யாரும் அந்தப் படங்களைப் பற்றி வேலாயுதத்திடம் சொல்லவில்லை.

"செத்தவங்க பேரு தெரியுமா?" என்று கேட்டார் அய்யாவு.

"ரெண்டு பேருதான் தெரியும். ஒருத்தரு ரெங்கசாமி, ரவாங் தோட்டம். இன்னொருத்தரு காதர், கிள்ளான்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தவரு. மத்த ரெண்டு பேரும் பேசுற நெலமையில ஏறல."

அன்று பிற்பகலே பெஞ்சை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிச் செராஸ் சாலை இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அய்யாவு கால்களைக் கழற்றினார். தான் அடித்த முளைகளைத் தானே தட்டி எடுத்தார். குழி ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டப்பட்டது. பாய் கையேந்தி ஓதினார். வேலாயுதம் பலகையின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாக ஊற்றினார். அந்த வெயிலில் அது சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு செம்பு ஊற்றினார். அதுவும் போயிற்று. நான்காவது செம்புக்குத்தான் தண்ணீர் மேலே நின்றது. அப்புறம் மண்ணைத் தள்ளினார்கள்.

அய்யாவு பட்டறையிலேயே ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். எவ்வளவோ மேசை, நாற்காலி, கதவு செய்தார். பழைய மரத்தை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கவில்லை.

அன்று இடுகாட்டிலிருந்து திரும்பியதும் பாய் வேலாயுதத்தையும் பவுனம்மாளையும் படம் எடுத்தார். உட்கார ஒன்றும் இல்லாததால் இருவரும் நின்றார்கள். வேலாயுதத்துக்குக் கால் நடுங்கியது. பவுனம்மாள் அவருடைய சட்டையின் முதுகுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தியிருந்தாள். படத்தில் அது தெரியாது.