புகைபோக்கிக்குள் ஒரு பெருமூச்சு

கனடாவின் மொன்றியலில் நீக்கிலாப்பிள்ளையிடம் இரகசியம் சொல்லாத சுவரே கிடையாது. கொஞ்சம் கூட்டிவிட்டேன், அவர் இன்றைக்கும் பராமரிக்கும் மாளிகையின் சுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் கண்ட பிரபு வீடொன்றை எவனோ ஒரு பணக்காரன் ஒரு கல் பிசகாமல் இந்த ஆற்றங்கரையில் திருப்பிக் கட்டுவித்தானாம். இப்போது அங்கே கல்யாணங்கள் நடக்கின்றன.

ஒரு கல்யாணத்தில்தான் வில்லங்கம் வந்தது. மண்டபத்துக் கணப்படுப்புப் பக்கம் யாரோ பெருமூச்சு விடுவது கேட்டதாம். எல்லாக் கதவுக்குமான திறப்புக் கோர்வை நீக்கிலாப்பிள்ளையிடம் மட்டுமே இருந்ததால், ஊர்க்காரர் யாரையாவது ஒளித்துக் குடிவைத்திருக்கிறீரா என்று மேலாளர் அம்மா கேட்டார். அப்படியானால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

மனிதருக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. பூக்காரன் ஏன் பின்வழியால் போகிறான்? சமையற்காரன் றொக்சன் ஏன் தன்னைக் கண்டதும் விசிலடிக்கிறான்? போதாததற்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியில் பொரித்த ரோல்ஸ் வேறு குறைந்தது. அங்கேயே துப்புரவு வேலை செய்யும் மனைவி ஜொய்சியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஞாயிறு பூசைக்குமுன் மாதா கோயில் முழுக்கப் பரவிவிடும்.

ஒருநாள் மத்தியானம் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெளியே புகைபோக்கி அத்தனை பருமன். உள்ளே அடுப்போ சின்னது. மிச்ச அகலம் எங்கே போயிற்று? போர்க்காலத்தில் மன்னாரில் பதுங்கப் பங்கர் வெட்டிய கைக்கு அந்தத் துப்பே போதும். மரப்பலகைச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. உள்ளே றொக்சன்தான் என்று முடிவுகட்டி, மேலாளரைக் கையோடு கூட்டிவந்து பலகையை அழுத்தினார்.

கதவு திறந்தது. ஒருவர் குந்தியிருக்கும் அளவு அறை. உள்ளே ஜொய்சி.

நீக்கிலாப்பிள்ளை பலகையைத் திரும்பச் சாத்தப் பார்த்தார். ஆனால் மேலாளர் அறையைத்தான் வியந்து பார்த்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பூசை வைப்பது குற்றமாக இருந்தபோது, கத்தோலிக்க வீடுகளில் குருவானவரை ஒளிக்க இப்படி அறை கட்டுவார்களாம். தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும் இந்த ஊரில் அதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறானே என்று சிரித்தார்.

நீக்கிலாப்பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தாங்களும் கத்தோலிக்கர்தான், மனைவி இங்கே ஒதுங்கிச் செபமாலை சொல்கிறாள் என்றார். மேலாளரின் முகம் இளகியது. வேலை தப்பியது என்று இவர் மூச்சு விட்டபோது, ஜொய்சி கொட்டாவி விட்டபடி மேலாளருக்காகப் பிரெஞ்சில் ஒருதரம், புருஷனுக்காகத் தமிழில் ஒருதரம் திருத்தினாள்.

“செபமில்லையப்பா, நித்திரை. இவ்வளவு பெரிய வீட்டில வேலைக்காரர் இருக்க ஒரு கதிரை இல்லை. ரோல்ஸும் நான்தான்.”