பதில் வராத ஒரு கணக்கு

எங்கள் மில் தானே நடத்திவந்த பி.எஃப். டிரஸ்டை மூடி, எல்லோருடைய பணத்தையும் அரசாங்க பி.எஃப். ஆபீசுக்கு மாற்றிவிட முதலாளி முடிவு செய்தார். வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்குப் பிரிவில் நான்தான் பழைய ஆள். பணம் தருகிறோம் என்றால் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் என்னை மோசடிக்காரி என்று திட்டிவிட்டு போனை வைத்தார். இன்னொருவர் மகனிடம் கொடுத்தார், மகன் தன் மனைவியிடம் கொடுத்தார், அந்தப் பெண் 'ராங் நம்பர்' என்றாள். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒவ்வொருவராக வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் பதில் இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்துவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர். அவருடைய பழைய நம்பரில் யாரோ இந்தியில் பேசினார்கள். பதிவுத் தபாலை அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார், ஆனால் என் போனை எடுக்கவே இல்லை. எவ்வளவு திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே, சங்ககிரியில் பஸ் ஏறி, நாமக்கல் பக்கம் அந்த மனைவி வேலை செய்யும் கோழிப்பண்ணைக்கே விசாரித்துப் போய்விட்டேன்.

முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். மில்லிலிருந்து வருகிறேன் என்று சொன்ன பிறகும் கை வேலையை விடவில்லை.

"அவரு போயி ஒம்போது வருசமாச்சுங்க்கா. மொத வருசம் போன் பண்ணுனாரு. அப்பறம் ஒண்ணுமே இல்லீங்க. ரிக் ஓனரக் கேட்டா, ஒரு வருசத்துலயே வேலைய உட்டுட்டுப் போயிட்டாருங்கறாரு."

போலீசில் எழுதிக் கொடுத்தும் பயனில்லையாம். மகள் ராசிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள், ஃபீசுக்காகப் பண்ணையில் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஏழு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதும்படி கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம், நாமினி நீங்கள்தான், மொத்தமும் உங்களுக்கே வரும் என்று ஆடிட்டர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

இப்போது அவர் கை நின்றது.

"செத்துட்டாருன்னு நானே எழுதிக் குடுக்கோணுமுங்களா?"

"ஆமாங்க."

"இதுக்குத்தானுங்க போனே எடுக்கல. லெட்டர்ல நாமினின்னு பாத்தப்பவே இங்கதான் வந்து நிக்குமுன்னு தெரியும்."

இத்தனை நாள் இவரையா திட்டிக்கொண்டிருந்தேன் என்று மனசு கனத்தது. அவர் அடுத்த அட்டையை எடுத்தார்.

"எழுதிக் குடுக்கலீன்னா என்னாகுமுங்க?"

"பணம் அவரு பேர்லயே அரசாங்க ஆபீசுக்குப் போயிருமுங்க. என்னைக்குக் கேட்டாலும் அவருக்குக் கெடைக்கும்."

"எந்த ஊர்ல இருந்து கேட்டாலுமுங்களா?"

"எந்த ஊரா இருந்தாலுந்தானுங்க."

கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தார். "அப்புடி எடுத்தாருன்னா எனக்குச் சொல்லுவாங்களா?"

"கணக்குல இருக்கற நம்பருக்கு மெசேஜ் போகும். அந்த நம்பர்தான் இப்ப வேற யாருகிட்டயோ இருக்குதுங்களே."

"அப்ப என்ற நம்பரப் போட்டுருங்க்கா."

அப்படிப் போட விதி இடம் கொடுக்குமா என்று நான் யோசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மகளின் ஃபீஸ்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"உங்களுக்கு ஒரு ரூவாகூட வராதுங்களே," என்றேன்.

"அவரே எடுத்துக்கட்டுங்க," என்றார். "எடுத்தாருன்னாத்தான், உசுரோட இருக்கறாருன்னு எனக்குத் தெரியுமுங்க."