சோணைமுத்து கையும் சிரட்டைத் தவளையும்

"கடிக்காதுண்ணே, தாராளமா உக்காருங்க. தொட்டு மட்டும் பாத்துராதீக."

நேத்து மத்தியானம் பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமிகிட்ட, தவளை இருக்க சட்டியக் காட்டிச் சோணைமுத்து சொன்னாரு. கண்ணுச்சாமி, இவருக்குப் பேத்தி பொறந்திருக்காளேன்னு பாக்க வந்த மனுசன். "ஏலே, நான் பிள்ளையப் பாக்க வந்தேனா, ஒன் தவளையப் பாக்க வந்தேனா?"

சோணைமுத்துக்குச் சிரிப்புதான். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனில முப்பது வருசமா மருந்து அடைக்கிற ஆளு. தீபாவளி சீசன் மும்முரத்துல ஒருநா, ரூம் வாசல்ல கை கழுவ வச்சிருக்க தொட்டில, பின்னாடி கண்மாயிலருந்து வந்த இந்தத் தவளை கெடந்துச்சு. தண்ணி மேல மருந்து வெள்ளியா மினுங்குது. இங்கன கெடந்தா செத்துப்போகும்னு தூக்குவாளில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு.

மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் கையில எடுத்தாரு. ரெண்டே நாள்ல அது சுருண்டுபோச்சு. கரையானப் போட்டாலும் வாயத் தெறக்கல.

பிரசவத்துக்கு வந்திருந்த மக ஓவியா செல்லுல படிச்சுட்டுச் சத்தம் போட்டா. "யப்பா, அது தோலாலதான் தண்ணி குடிக்குமாம். ஒங்க கையில இருக்க மருந்து, சோப்பு அம்புட்டும் அது ஒடம்புக்குள்ள போகுது. தொடாதீக!"

அன்னையிலருந்து தொடல. மண்சட்டில ஈரமணலு. குழாத் தண்ணிய பிளீச்சிங் வாடை போக ஒருநா வெயில்ல வச்சுத்தான் ஊத்துவாரு. தூக்கணும்னா தேங்காச் சிரட்டை. மூணாம் நாளு அது நாக்க நீட்டிக் கரையானை லபக்குன்னு முழுங்கவும், மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

பேத்தி பொறந்ததும் அந்தப் பயம் அவ மேல திரும்பிருச்சு. தீபாவளி லீவு, மருந்தத் தொட்டே இருபது நாளாச்சு. ஆனாலும் கையப் பின்னால கட்டிக்கிட்டு எட்ட நின்னுதான் பாப்பாரு. தூக்கிப் பாக்க ஆசை ஆசையா வரும். "ஆத்தாடி, இவ தோலு தவளையவிட மெலிசால்ல இருக்கு!"ன்னு ஒதுங்கிக்கிடுவாரு.

நேத்து சாயங்காலம் மழை. வெளிய தவளையெல்லாம் கத்த, சட்டிக்குள்ள இருந்ததும் கத்துச்சு.

"பழகிருச்சேப்பா, வச்சுக்கிடுங்களேன்"னா ஓவியா.

"அது சோட்டாளியக் கூப்பிடுது தாயி. இனிமே வச்சிருந்தா செயிலு."

இன்னைக்கு விடிஞ்சதும் சிரட்டையோட போயி, கம்பெனிக்குப் பின்னால, அது வந்த கண்மாயிலயே விட்டுட்டு வந்தாரு.

வெறுஞ்சிரட்டையோட வாசல்ல நின்னவர ஓவியா பிடிச்சுக்கிட்டா. "தவளைக்குத்தான் சோப்பு ஆகாது, இவளுக்கு ஆகும். முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவினாரு. சட்டைய மாத்தினாரு. திரும்பயும் கழுவினாரு. ஓவியா பிள்ளைய நீட்டவும் கை ரெண்டும் பழையபடி பின்னால போயிருச்சு.

"சிரட்டைல கொள்ளாது இவ. அரிசி பொடைக்கிற சொளகுல வச்சே குடு தாயி, மொதல்ல அப்பிடிப் பழகிக்கிடுதேன்."