தையல்காரர் சுற்றிப் போன தெரு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேப் அக்கா. நில அளவை அலுவலகத்தில் இருபது வருடம் வரைபடம் வரைந்தவர். ஒரே மகன் இறந்ததும் அந்த வேலையை விட்டார். வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார்.

அவரிடம் வந்தது, முந்நூறு வருடங்களுக்கு முன் அதே நகரில் வாழ்ந்த ஒரு தையல்காரரின் நாட்குறிப்பு. அவர் அன்றன்று போன இடங்களைக் கணினி வரைபடத்தில் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே குறுக்குவழியைக் கணினியே கோடாக இழுத்துவிடும். அக்காலத்து மக்கள் நகருக்குள் எப்படி நடமாடினார்கள் என்பதுதான் பேராசிரியரின் ஆய்வு.

தையல்காரர் ஓட்டை வாய். அளவெடுக்கும்போது நெளிந்த வக்கீல், துரத்திய நாய், கிணற்றுத் தெரு முனைக் கொல்லரின் வாயாடித்தனம் என எதையும் விடவில்லை. அக்கா தனக்குள் சிரித்தபடியே புள்ளி வைத்தார்.

மூன்றாம் வருடத்தில் ஒருநாள், ஒரே வரி: "சின்னவள் தெருக்கிணற்றில் விழுந்துவிட்டாள்."

பதினோரு நாள் எதுவும் இல்லை. பிறகு மறுபடி நூல், துணி, அளவு. ஆனால் வழியில் கொல்லரைப் பார்த்ததாக எழுதவே இல்லை. குறிப்புகளில் இப்போது பாலத்தடிப் படகோட்டிதான் வந்தான். நூல் கடைக்குக் கிணற்றுத் தெரு வழியாக ஐந்து நிமிடம். கணினியும் அப்படியே கோடு போட்டது. அக்கா அதை அழித்துவிட்டு, பாலத்தைச் சுற்றிக் கையால் வரைந்தார்.

பேராசிரியர் பார்த்துவிட்டார். "என்னம்மா இது? பக்கத்துக் கடைக்கு அரை மணி நேரம் சுத்துறாரு?"

"அவரு அந்தத் தெருப் பக்கமே போகல சார்."

"அப்படின்னு எழுதலையே."

"அதையெல்லாம் எழுத மாட்டாங்க சார்." அக்கா கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இங்க வர ஒரே பஸ் போதும். அது என் பையன் செத்த ஆஸ்பத்திரி வாசல் வழியா போகும். நான் ரெண்டு பஸ் மாறித்தான் வர்றேன்."

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க போட்டபடியே இருக்கட்டும்மா" என்றார்.

அடுத்த ஆறு வருடங்களும் தையல்காரர் பாலத்தைச் சுற்றியேதான் போனார். கடைசிப் பதிவு: "மழை. வேலை இல்லை." மீதிப் பக்கங்கள் வெறுமை.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"அந்த டெய்லர் எழுதுறத நிறுத்திட்டாருங்க. மழைன்னு எழுதியிருக்காரு. அப்புறம் என்ன ஆனாருன்னு தெரியல."

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகன் போன பிறகு, தனித்தனியே அழுதுகொண்டிருந்த இருவரும் அன்றுதான் சேர்ந்து அழுதார்கள்.