முறுக்குச் செடிக்கு ஒன்பது தூர்

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த பம்ப் கம்பெனியில் கன்னியம்மாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் தோட்ட வேலை கிடைத்தது. தினக்கூலிதான். இன்றைக்கு ஆள் வேண்டாம் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டால் கேட்டோடு திரும்ப வேண்டும். கம்பெனி நின்ற மண்ணில் முன்பு அவளுக்கு முக்கால் காணி நிலம் இருந்தது. அதற்குக் கம்பெனி கொடுத்த பணம் புருஷனின் வைத்தியத்துக்குப் போயிற்று. அப்புறம் அவனும் போய்ச் சேர்ந்தான்.

மேனேஜர் ராமபத்ரன் பெங்களூரிலிருந்து ஒரு செடி வாங்கி வந்து வாசலில் நட்டார். பிழிந்து போட்ட துணியைப் போலக் கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தது. பூவுமில்லை, காயுமில்லை. அதுதான் அழகாம்! சீக்குப் பிடித்ததைப் போய் வாங்கி வந்திருக்கிறாரே என்று கன்னியம்மா நினைத்தாள்.

"நான் ஊர்ல இல்லாத ரெண்டு மாசமும் இது உன் பொறுப்பு. நன்னா தழைச்சு நின்னா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார் அவர்.

போதாதா? ஆட்டெருவை வீட்டிலிருந்து கூடையில் சுமந்து வந்தாள். உச்சி வெயிலுக்குப் பனையோலை கட்டினாள். மூன்றாம் வாரம், மண்ணை ஒட்டி அடித்தண்டிலிருந்து நேராக, பளபளவென்று துளிர்கள் கிளம்பின. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பயிர் இப்படி அடியில் கிளைத்துத் தூர் கட்டிவிட்டால் பாதி விளைச்சல் வீடு வந்த மாதிரி. நாற்று நட்டு வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? சுற்றிலும் மண்ணைக் கொத்திவிட்டாள்.

"செடி தூர் கட்டிக்கினு வருது பாரு!" என்று வாட்ச்மேன் பரசுராமனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஒன்பது தூர். இடுப்புயரம் வளர்ந்தன. நடுவிலிருந்த முறுக்குக் கிளைகள் மட்டும் இலையைக் கொட்டின. பழசு உதிரத்தானே செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் தினமும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள்.

இரண்டு மாதம் கழித்துக் காரை விட்டு இறங்கிய ராமபத்ரன் செடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இதையெல்லாம் யார் வளர விட்டது?"

"நான்தான் சார்" என்றாள், பாராட்டப் போகிறார் என்று நம்பி.

"ஐயோ! இது ஒட்டுச் செடிம்மா. முறுக்கு இருக்கறது மேல ஒட்டினதுல. அடியில வர்றது வெறும் காட்டுச் செடி. அதைக் கிள்ளிக் கிள்ளி எறியணும். எல்லாச் சத்தையும் அதுவே உறிஞ்சி மேல இருந்ததைக் கொன்னுடுத்து. தோட்டக்காரிங்கறே, இதுகூடத் தெரியாதா?"

கன்னியம்மா குனிந்தாள். முறுக்குக் கிளை ஒன்றைத் தொட்டாள். சுள்ளியாய் ஒடிந்து கையோடு வந்தது.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார்."

"பர்மனென்ட் வேலைக்கு விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும்மா. உனக்கு என்னதான் தெரியும்?"

"நெல்லு தெரியும் சார், வேர்க்கடல தெரியும். இப்ப நீங்க நின்னுக்கினு கீற எடத்துல அதான் சார் வெளஞ்சிது."

ராமபத்ரன் உள்ளே போனார். வாசலில் அந்தச் செடி இருந்த இடத்துக்குக் குரோட்டன்ஸ் வந்தது. பர்மனென்ட் வேலைக்குத் திருநின்றவூரிலிருந்து ஜோசப் என்பவர் வந்தார். அவர் சொன்னபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எழுபத்தொன்பதில் முழங்கால் மடங்காமல் போகும் வரை, கன்னியம்மா தினக்கூலியாகவே இருந்தாள்.