அக்கா வரைந்த ரொறன்ரோ வீடு

கொழும்பின் வெள்ளவத்தைக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இருப்பதற்காக வரவில்லை, போவதற்காக வந்தார்கள். நாங்களும் அப்படித்தான். யுத்தத்தால் பாதை மூடிக் கிடந்தது. கப்பலில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸ் வாடகைக்கு எடுத்து, அக்காவின் கனடா ஸ்பொன்சருக்காகக் காத்திருந்தோம். அம்மா, அக்கா, நான். மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருந்தார். கொட்டாஞ்சேனைத் தரகர் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். "பெடியனுக்குச் சொந்த வீடு இருக்கு" என்று தரகர் சொன்ன இடத்தில்தான் அம்மா தலையாட்டினார்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுப் படம் பிடிக்கும்போது டொக்டருக்குப் பக்கத்தில் நின்று மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி. அம்மாவுக்கு என் படிப்பைப் பற்றிக் கவலை இல்லை, நான் தனியாகப் பஸ்ஸில் போவதைப் பற்றித்தான் கவலை. இரண்டு பேர் போனால், செக்பொயின்ற்றில் ஒருத்தியைப் பிடித்தாலும் மற்றவள் ஓடிவந்து சொல்வாள் என்பது அவருடைய கணக்கு. அதனால் அதே கட்டடத்தின் மேல்மாடியில் என்ன வகுப்பு என்று விசாரித்து அக்காவையும் சேர்த்துவிட்டார். அங்கே நடந்தது வீட்டின் உள்ளலங்காரம் வரையும் வகுப்பு. தையல் நடந்திருந்தால் அக்கா தைத்திருப்பாள்.

ஆனால் அவளுக்கு வரைதல் பிடித்துப்போனது. அனெக்ஸில் இருந்த ஒரே மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து இரத்தக் குழாய்களின் பெயர்களைப் பாடமாக்கினேன். சோறு போடுவதற்கு மேசையில் இடம் இல்லை என்று அம்மா தினமும் புறுபுறுத்தார்.

எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லித்தந்தது மெஷினைப் பற்றியல்ல, முகத்தைப் பற்றி. நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதில்லை, விறைக்க மட்டும்தான் ஊசி. அவர் கண்ணை விழித்துக்கொண்டு எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். திரையில் அடைப்புத் தெரிந்தாலும் எங்கள் முகத்தில் தெரியக் கூடாது. சொல்வது டொக்டரின் வேலை. எனக்கு அது சுலபமாக வந்தது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளையாகப் பஸ்ஸில் போய் வருபவளுக்கு அதைப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.

அக்காவின் வகுப்பில் கடைசிச் செயற்றிட்டமாக, தாங்கள் வாழும் அல்லது வாழப்போகும் வீட்டை அளந்து, அதற்கு உள்ளலங்காரம் வரைந்து கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டை வரைந்தார்கள். அக்கா ரொறன்ரோ வீட்டை வரையப் போவதாகச் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்குக் கூடச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதி என்ற மெயின் ரோட்டில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போன் எடுப்பார். பலகையால் அடைத்த சின்னக் கூண்டுக்குள் அக்கா ரிசீவரோடு நிற்பாள், அவள் சொல்லும் அளவுகளைக் குறிக்க நான் ஒட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா வெளியே கதிரையில். மாப்பிள்ளையின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்கும். முதலில் அளவு சொல்ல மழுப்பினார். "அதெல்லாம் பிறகு பாக்கலாமே" என்றார். அக்கா விடவில்லை. அடுத்த கிழமை ஹோல், குசினி, ஒரு அறை என்று அளந்து சொன்னார்.

தரைப்படம் வரைந்தாயிற்று. அதைச் சுருட்டிக் கொண்டுபோன அன்று செக்பொயின்ற்றில் ஒரு பொலிஸ்காரர் விரித்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "மே காகே கெதரத?" என்று கேட்டார். யாருடைய வீடு என்று கேட்கிறார். "மகே" என்றாள் அக்கா. என்னுடையது. அவ்வளவு உறுதியாக அவள் சிங்களம் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது சுவர்கள். ஒவ்வொரு சுவருக்கும் எதிரே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைய வேண்டும். அதற்கு யன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும்.

"யன்னல் மேல இருக்கு" என்றார் மாப்பிள்ளை, அடுத்த ஞாயிறு போனில்.

"மேல எண்டா?"

"சீலிங்கோட."

"சீலிங் எவ்வளவு உயரம்?"

"கையைத் தூக்கினா முட்டும்."

"யன்னலுக்கால என்ன தெரியும்?"

"புல்லு" என்றார்.

அன்று மத்தியானம் அக்கா அந்தச் சுவரை வரைந்தாள். சீலிங்கை ஒட்டி ஒடுங்கிய ஒரு யன்னல். அதன் கீழ்விளிம்பில் புல். அப்படியானால் புல்லுக்குக் கீழே இருப்பது மண். ஆள் உயரத்துக்கு மண். எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. பழக்கதோஷத்தில் முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொண்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "தோட்டமும் இருக்குப் போல" என்றார். அக்கா ஓம் என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எனக்கு மாப்பிள்ளைமேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நிலக்கீழ் அறையில் இருப்பது குற்றமில்லை, சொந்த வீடு என்று சொன்னது பொய்தானே. இந்தச் சம்பந்தத்தை விட்டுவிடலாம், வேலை தேடலாம், நான் உழைப்பேன் என்று அந்தக் கிழமை முழுவதும் அக்காவிடம் சொல்ல நினைத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "அம்மாட்டச் சொல்லாத" என்பது மட்டும்தான் அவள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அக்கா சுகம் கூட விசாரிக்கவில்லை.

"நீங்கள் நிலத்துக்குக் கீழயோ இருக்கிறியள்?"

"ஓம்" என்றார். பிறகு நிறுத்தாமல் கதைத்தார். வீடு வேறொருவருடையது. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். அறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு ஹோலில் படுக்கிறார். சொந்த வீடு என்று தரகருக்குச் சொன்னது அவருடைய அண்ணன். தான் அதை மறுத்துச் சொல்லவில்லை, அது தன்னுடைய பிழை. "உங்களுக்கு விருப்பமில்லையெண்டா சொல்லுங்கோ. பிழை என்ர பக்கம்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

இங்கே பெண்ணுக்குப் பேசிய சம்பந்தம் குழம்பினால் பழி எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா கூண்டின் பலகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேண்டாமென்று சொல், சொல் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அறையை எப்ப காலி பண்ணித் தருவார், மற்ற ஆள்?" என்று கேட்டாள்.

"கேட்டா உடன தருவார்."

"உங்கட கட்டிலைக் கொண்டுபோய் யன்னலுக்குக் கீழ போட்டிடாதையுங்கோ. அங்க இருட்டு. எதிர்ச் சுவரோட போடுங்கோ. இருக்கிற வெளிச்சம் அதிலதான் விழும்."

அந்தப் பக்கத்தில் அவர் அழுவது எனக்குக் கேட்டது. அக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

வெளியே வந்ததும் அம்மா, "என்னவாம்?" என்றார்.

"கட்டிலை எதிர்ப் பக்கம் போடச் சொன்னனான்."

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "தாலி கட்ட முதல் கட்டில் கதையோடி? கொமினிகேஷன்காரர் கேட்டிருந்தா என்ன நினைப்பார்?" காலி வீதி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வேறொரு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு, அவள் போகத்தான் போகிறாள் என்று தெரிந்துகொண்டு, நடு வீதியில் அழுதேன்.