தண்ணிக்குள்ள நல்லாத்தான் கேக்குது

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாம்பனில் நின்று கூப்பிட்டால் அக்காள்மடத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சிக்கல் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்திக் கத்தியே வளர்ந்தவள். இவரை விரும்பிக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தபோது எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. இவருடைய தங்கைதான், என் நாத்தனார், என் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பழக்கினாள். "மொளகாக்காரி மெதக்குறா, எல்லாரும் வந்து பாருங்க" என்று கரையில் நின்று சிரிப்பாள். என்னைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிது.

நாங்கள் கடல்பாசி எடுக்கிறவர்கள். விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கத்துப் பாறைகளுக்குப் போவோம். விரலெல்லாம் துணி சுற்றி, செருப்புக்கு அடியில் துடுப்புபோல் தகரத் தட்டைக் கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பாறையில் இருக்கிற பாசியைப் பிய்த்து இடுப்பில் இருக்கும் பையில் போட வேண்டும். காது வலிக்கும். சளி பிடித்த நாளில் இறங்கினால் ஊசியால் குத்தியதுபோல் வலிக்கும். எனக்கும் வலித்திருக்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுவிட்டு மறுநாளும் போவோம். இதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தால் ஆகுமா?

வள்ளத்தில் எப்போதும் ஒருத்தி இறங்காமல் இருப்பாள். எங்களில் மூத்த அக்கா அவர். காற்று திரும்பினாலோ கிளம்ப வேண்டும் என்றாலோ இரும்புக் கம்பியால் வள்ளத்தின் பக்கப் பலகையைத் தட்டுவார். டங், டங், டங் என்று மூன்று தட்டுத் தட்டினால் எல்லாரும் மேலே வர வேண்டும். எதற்குத் தட்ட வேண்டும், ஒரு சத்தம் போட்டால் போதாதா என்று வந்த புதிதில் கேட்டேன். "எங்க, நீதான் பெரிய தொண்டக்காரியாச்சே, கத்திப் பாரு" என்று நாத்தனார் உள்ளே போனாள். கத்தினேன். வெளியே வந்து, "என்னமோ ஈ பறந்தாப்ல இருந்துச்சு மதினி" என்றாள்.

அதன் காரணம் எனக்குப் பல வருடம் கழித்து மகளின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் கிடைத்தது. காற்றில் போடும் சத்தம் தண்ணீரின் மேல்பரப்பில் பட்டு, பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுமாம். பலகையைத் தட்டினால் பலகை அதிர்கிறது, பலகையோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும் சேர்ந்து அதிர்கிறது, அந்த அதிர்வு நேராக எங்களிடம் வந்துவிடுகிறது. சத்தம் என்பதே ஓர் அதிர்வு இன்னொன்றைத் தள்ளி, அது அடுத்ததைத் தள்ளிக்கொண்டே போவதுதான் என்று மகள் வாசித்தாள். "வாய்க்குள்ளேயே முணுமுணுக்காம சத்தமாப் படிடீ, பாதி முழுங்குற" என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள். "சத்தமாத்தானம்மா படிக்கிறேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

அந்தப் பாடத்தில்தான் என் பயத்துக்கும் விளக்கம் இருந்தது. தண்ணீருக்குள் மோட்டார் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? முதல் தடவை கேட்ட அன்று என் உயிர் என்னிடம் இல்லை. எங்கேயோ ஒரு வள்ளம் வருகிறது. முன்னாலா, பின்னாலா, இடமா, வலமா, ஒன்றும் தெரியாது. கரையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, இங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடலாம். உள்ளே அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உறுமுகிறது, மண்டைக்குள்ளேயே மோட்டாரை வைத்ததுபோல. காற்றில் சத்தம் ஒரு நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும், தண்ணீரில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் போகும் என்கிறது புத்தகம். ஒரு காதுக்கு முதலில், மறு காதுக்குக் கொஞ்சம் பிந்தி என்று வந்து சேர்கிற அந்தச் சின்ன இடைவெளியை வைத்துத்தான் நாம் திசை கண்டுபிடிக்கிறோம். தண்ணீரில் அந்த இடைவெளி இல்லாத மாதிரியே ஆகிவிடுகிறது. அதோடு சத்தம் காதுத் துளை வழியாக மட்டும் வருவதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்ளே போய்விடுகிறது.

அதனால் எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. உள்ளே இருக்கும்போது மோட்டார் சத்தம் கேட்டால் மேலே வராதே, பாறையைப் பிடித்துக்கொண்டு கிட. மேலே இருக்கும்போது கேட்டால் உடனே உள்ளே போ. வள்ளம் ஓட்டுகிறவன் கண்ணுக்கு அலை நடுவே ஒரு தலை தெரியவே தெரியாது. இந்தக் கட்டு முழுக்கக் காதை நம்பித்தான் இருக்கிறது.

போன வருடம் தை மாதத்தில் நாத்தனாருக்குக் கடும் சளி. அதோடு இறங்கினாள். மேலே வந்தபோது, காதுக்குள் என்னவோ வெடித்ததுபோல் இருந்தது, ஒரு நிமிடம் எது மேலே, எது கீழே என்றே தெரியவில்லை என்றாள். அப்புறம் காதில் தண்ணியாக வடிந்தது. எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டு வந்தாள். வடிவது நின்றது. ஆனால் அவள் மாறிவிட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் பதில். அவள் குரலும் இறங்கிவிட்டது. கரையே அதிரச் சிரித்த பிள்ளை, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"ஏண்டி, காது கேக்குதா இல்லையா? நெசத்தைச் சொல்லு."

"கேக்குது மதினி. கரையில காத்து இரையுதுல்ல, அதான். தண்ணிக்குள்ள நல்லாத்தான் கேக்குது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வள்ளத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் காதையே பார்த்துக்கொண்டு போவேன். ஏதாவது ஆகிவிடும், ஆகிவிடும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பயத்தில் என் வாய்கூட அடங்கிப்போயிற்று. "கொஞ்ச நாளா வீடு அமைதியா இருக்கு, யாரு வேண்டிக்கிட்டது?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

கடைசியில் வள்ளத்து அக்காவிடம் சொன்னேன். அவர் புதிதாக வருகிறவர்களுக்கு வைக்கிற சோதனையையே இவளுக்கும் வைத்தார். உள்ளே இறங்கச் சொல்லி, பலகையைத் தட்டுவார். வெளியே வந்து எத்தனை தட்டு என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் காலம்காலமாகக் காதைப் பார்ப்பது இப்படித்தான். நாத்தனார் இறங்கினாள். மெதுவாகத் தட்டியதையும் சரியாகச் சொன்னாள், கம்பியைக் கீழே வைத்த சத்தத்தைக்கூடச் சொன்னாள். "ஒன் நாத்துனா காது பாம்புக் காது. நீதான் இல்லாததக் கெளப்புற" என்று அக்கா என்னைத்தான் ஏசினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அன்று வெயில் நன்றாக அடித்தது. தண்ணீர் தெளிந்து, பாறைவரை வெளிச்சம் இறங்கியிருந்தது. நான் உள்ளே இருந்தேன். பாதிப் பை நிறைந்திருக்கும்போது அந்த உறுமல் கேட்டது. வழக்கம்போல் எல்லாப் பக்கமும். கையில் இருந்த பாசியை விட்டுவிட்டுப் பாறையைக் கட்டிப் பிடித்தேன். அடுத்தடுத்து டங் டங் டங் டங் என்று வள்ளத்துப் பலகை அலறியது. அது மூன்று தட்டு இல்லை, அக்கா விடாமல் அடிக்கிறார். அண்ணாந்து பார்த்தேன்.

என் தலைக்கு நேர் மேலே இரண்டு கால்கள். தகரத் தட்டுகள் வெயிலில் மின்ன, சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தன. நாத்தனாரின் கால்கள். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. அந்தக் கால்கள் அவசரப்படவே இல்லை.

ஆத்தா! இவளுக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த நொடிதான் சந்தேகமறத் தெரிந்தது.

மேலே போகாதே என்பதுதான் கட்டு. பாறையை விட்டேன். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத ஒன்றை நோக்கிப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுக்க அந்தச் சத்தம் இருந்தது, பல்லில்கூட இருந்தது. அவள் கணுக்காலைப் பிடித்து, என் பலமெல்லாம் சேர்த்துக் கீழே இழுத்தேன். அவள் உதறினாள். தகரத் தட்டின் விளிம்பு என் புருவத்தைக் கிழித்தது. விடவில்லை. இருவருமாகப் பாறையில் போய் மோதினோம். தலைக்கு மேலே வெயில் மறைந்தது, வெள்ளையாக நுரை ஓடியது, பிறகு மறுபடியும் வெயில் வந்தது.

வெளியே வந்ததும் அவள், "சுறான்னு நெனச்சேன் மதினி" என்றாள், அந்த மெல்லிய குரலில். வள்ளத்தில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "தொண்ட கிழியக் கத்துனேனேடீ, காது அவிஞ்சா போச்சு?" நான் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். என் ரத்தம் அவள் சட்டையெல்லாம் ஒழுகியது.

மறுநாளே ராமநாதபுரத்துக்குக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். "கடலுக்குப் போகாதேன்னு சொல்லிப்புட்டா நான் என்ன மதினி செய்ய? கருவாட்டுக்குக் காக்கா வெரட்டிக்கிட்டு ஒக்காரவா?" என்றாள். பஸ் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னேன். அவளுக்குக் காது மொத்தமாகச் செவிடாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் என் வயதுப் பெண். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து கவட்டைபோல ஓர் இரும்பை எடுத்தார். மகளின் புத்தகத்தில் படம் போட்டிருந்த இசைக்கவை. அதைத் தட்டி, அதிர்கிற இரண்டு முனையையும் நாத்தனாரின் காதுக்கு நேரே பிடித்தார். கேட்கவில்லை என்றாள். அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அவள் கண் விரிந்தது.

"கேக்குது! நல்லாக் கேக்குது, தண்ணிக்குள்ள கேக்குற மாதிரியே கேக்குது!"

"அப்படித்தான் கேக்கும்" என்றார் டாக்டர். எனக்கும் சேர்த்து விளக்கினார். காற்று வழியாக வரும் அதிர்வு செவிப்பறையில் பட வேண்டும், செவிப்பறை அதிர்ந்து மூன்று சின்ன எலும்புகளைத் தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே நத்தைபோல் சுருண்டிருக்கும் காதுக்கும் நரம்புக்கும் போகும். இவளுக்குச் செவிப்பறையில் பெரிய ஓட்டை, இரண்டு காதிலும். நத்தையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன. எலும்பு வழியாகப் போனால் ஓட்டை குறுக்கே வராது. தண்ணீருக்குள் சத்தம் பெரும்பாலும் எலும்பு வழியாகத்தான் போகிறது. கெட்டுப்போன காதை, அது கெட்டது தெரியவே தெரியாத ஓர் இடத்தில் வைத்து நாங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறோம்.

"ஆபரேஷன்ல ஓட்டையை அடைக்கலாம். அதுவரைக்கும் காதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றார். நாத்தனார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது.

"இவ குரலும் இறங்கிப்போச்சே, அது ஏன்?" என்று கேட்டேன்.

"அதுவும் இதனாலதான். வெளிச் சத்தம் கொறைஞ்சு போச்சு, ஆனா அவங்க குரல் அவங்க எலும்பு வழியாவே உள்ள கேக்குது. நாம ரொம்பச் சத்தமாப் பேசுறோம்னு தோணும். தானா மெதுவாப் பேச ஆரம்பிச்சிருவாங்க. அவங்களுக்கே தெரியாது."

அடுத்து, ஆபரேஷன் செய்தால் மறுபடியும் கடலில் இறங்கலாமா என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் என் புருவத்துக் கட்டைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "நீங்களும் பாசி எடுக்கிறவங்களா?" என்றார். தலையாட்டினேன். மகள் வாய்க்குள் படித்தது ஞாபகம் வந்தது. வீடு அமைதியாக இருப்பது ஞாபகம் வந்தது.

"இப்படி உக்காருங்க."

நாத்தனார் எழுந்து இடம் விட்டாள். டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் காதுக்குப் பின்னால் வைத்தார். கணீரென்று மண்டை முழுக்க ஓடியது, வள்ளத்துப் பலகையைத் தட்டியதுபோல். பிறகு அதை எடுத்துக் காதுக்கு முன்னால் பிடித்தார். முனை இரண்டும் நடுங்குவது கடைக்கண்ணில் எனக்குத் தெரிந்தது.

"கேக்குதா?"

கேக்குது என்றுதான் வாயில் வந்தது. நாத்தனார் எதிரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை நாள் என்னிடம் சொன்ன அதே வார்த்தை.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.